எட்டும் வலம்புரி

பிப்ரவரி 5, திங்கள்

சிறுவாணித் தண்ணீர் இன்று வந்தது. பத்துக் குடம், இரண்டு வாளி, ஓர் அண்டா. பிறகு கல்லூரி. மூன்றாமாண்டு மாணவர்கள் வெப்ப இயக்கவியலை என் முகத்தைப் பார்த்தபடியே மறந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் தூங்கினான். அவன் நேர்மையானவன்.

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுவதாக முடிவு. காரணம் ஏப்ரல் 30. அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் முனைவர் பட்டப் பதிவு காலாவதியாகிவிடும். ஏழு ஆண்டு, இரண்டு நீட்டிப்பு முடிந்துவிட்டன. மூன்றாவது நீட்டிப்பு சட்டத்தில் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் 'பகுதிநேர ஆய்வாளர் ப. தெய்வசிகாமணி' என்று கையெழுத்துப் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஆய்வு என்னவென்று வீட்டு உரிமையாளர் இன்று கேட்டார். பெரிய விண்மீன் ஒன்று செத்து ஒடுங்கினால் சூலூரிலிருந்து பேரூர் வரை, இருபது இருபத்தைந்து கிலோமீட்டர்தான் இருக்கும், எடை மட்டும் சூரியனைவிட அதிகம் என்றேன். அதன் மேலோட்டின் அடியில் நெருக்கடி தாங்காமல் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருண்டையாக, கம்பியாக, தகடாக ஒட்டிக்கொள்கின்றன. போய்ப் பார்க்க முடியாது. ஆகவே கணினிக்குள் ஒரு பெட்டியில் நாற்பதாயிரம் துகள்களைப் போட்டு, உருக்கி, மெல்லக் குளிரவைத்து, என்ன வடிவம் வருகிறதென்று பார்க்கிறேன். "அப்ப இடியாப்பம் மாதிரிங்களா?" என்றார். இதைக் கேட்கும் பதினேழாவது ஆள் அவர்.

பிப்ரவரி 8, வியாழன்

பல்கலைக்கழகக் கணினி மையத்துக்குப் போனேன். கணினி ஓட்ட வேண்டிய வேலையை வீட்டிலிருந்தே அனுப்பலாம்தான். ஆனால் மையத்தில் ஏசி இருக்கிறது.

மையத்தின் பொறுப்பாளர் கோகிலவாணி. யாருடைய வேலை எந்த இயந்திரத்தில் எப்போது ஓடும் என்று தீர்மானிப்பவர் அவர்தான். துணைவேந்தருக்குக்கூட அவ்வளவு அதிகாரம் கிடையாது.

"உங்க ஜனவரி ஜாப் முடிஞ்சு பத்து நாளாச்சுங்க சார். படத்தை வந்து பாக்கவே இல்லையே?"

பரீட்சைத்தாள் திருத்தப் போயிருந்ததைச் சொன்னேன். படத்தைத் திறந்தார். தகடு தகடாக அடுக்கியிருந்தது. அதுவரை எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குப் பொருள் சுழன்று சுழன்று ஏறியிருந்தது. நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தேன்.

"சுத்து மாடிப்படியாட்டம் இருக்குதுங்க" என்றார் அவர்.

அதைத்தான் நான் சொல்ல வாயெடுத்தேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அந்த அம்மாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

வழிகாட்டி வில்வநாதன் சாரிடம் படத்தைக் காட்டினேன். ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதனால் எல்லாவற்றையும் ஏற்கெனவே பாதிக் கண்ணால்தான் பார்க்கிறார். இதற்கு முழுக் கண்ணையும் திறந்தார்.

"ஏப்பா தெய்வம், இப்படிச் சுருண்டு ஏறுனா மின்சாரம் நேராப் போகாது, வெப்பமும் போகாது. அந்த நட்சத்திரம் ஆறுற வேகமே மாறிப்போகுமே!"

"ஆமா சார்."

"ஆனா ஒருக்கா வந்தா அது விபத்து. எட்டுத் தடவை வந்தாத்தான் இயற்கை. ஓட்டு."

பிப்ரவரி 12, திங்கள்

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தொடக்கமாக ஓர் எண் கொடுக்க வேண்டும். அதை வைத்துக் கணினி துகள்களைக் கலைத்துப்போடும். எண் வேறானால் கலைப்பும் வேறு. நானே எட்டு எண் யோசித்தால் என் மனச்சாய்வு அதில் வந்துவிடும் என்பதால் எட்டுப் பேரிடம் கேட்டேன். வில்வநாதன் சார் தன் பழைய ஸ்கூட்டர் எண்ணைத் தந்தார். மதுரையிலிருந்து செண்பகம் அக்கா, தன் வீட்டுக் கதவு எண்ணைச் சொல்லிவிட்டு "எதுக்குடா, லாட்டரியா?" என்றாள். வீட்டு உரிமையாளர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மாலையில் ஜோசியரைக் கேட்டு வந்தார்.

கோகிலவாணி 613 என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா தோணுச்சுங்க" என்றார். உண்மையில் சரியாக எண் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

எட்டும் ஓடத் தொடங்கிவிட்டன. ஒன்பது நாள் ஆகும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

துணி துவைத்தேன். அக்கா போனில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வரன் என்றாள். ஏப்ரல் 30 வரை எதுவும் பேசாதே என்றேன். "அதென்னடா, கம்ப்யூட்டர் சென்டர்ல யாரோ கோகிலான்னு ஆறு தடவை சொல்லிட்ட?" என்றாள். கோகிலா அல்ல, கோகிலவாணி என்று திருத்தினேன். ஏழாகிவிட்டது என்றாள்.

பிப்ரவரி 22, வியாழன்

எட்டிலும் சுருள்! எட்டிலும்!

இன்னொன்று. எட்டும் ஒரே திசையில், வலப்பக்கமாகவே சுழன்று ஏறுகின்றன. வில்வநாதன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "வலம்புரி! லட்சத்துல ஒண்ணு வர்ற வலம்புரி, உனக்கு எட்டுக்கு எட்டு வந்திருக்குது! கையெடுத்துக் கும்பிடு தெய்வம்!" என்றார். நான்காம் இயலின் தலைப்பு அங்கேயே முடிவானது: வலம்புரி அமைப்பு. தன் ஓய்வு விழா உரைக்கும் அதையே தலைப்பாக வைத்துக்கொள்ளப் போகிறாராம்.

ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக் கணினி மையத்துக்கும் எடுத்துப் போனேன். கோகிலவாணி திரையைப் பார்த்தபடி கேட்டார்:

"இடம்புரி ஒண்ணுகூட வராதுங்களா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறிவியல் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான், நல்லது நடந்தால் திருஷ்டி தேடுவார்கள். ஒரே ஒரு ஜாங்கிரிதான் எடுத்தார், பாதி நேரம் அதையே கையில் வைத்திருந்தார். சர்க்கரை இருக்குமோ? இனி காரமாக ஏதாவது வாங்க வேண்டும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. கையெல்லாம் தடிப்பு. நான்காம் இயல் இருபத்தாறு பக்கம் ஆகிவிட்டது. 'ஐயத்துக்கு இடமின்றி' என்ற தொடரை நான்கு இடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். அடித்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே விட்டேன்.

மார்ச் 4, திங்கள்

மையத்தில் ஏசி பழுது. சன்னலைத் திறந்தால் காற்று பரவாயில்லை என்பதால் மூன்று மணி நேரம் இருந்தேன். கோகிலவாணிக்குக் கணவர் தவறி ஏழு ஆண்டாகிறது. மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். காபிக்குச் சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறார். இதையெல்லாம் நானாகக் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

மார்ச் 7, வியாழன்

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்ததும், "சார், ஒண்ணு சொல்லோணும், உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.

"உங்க எட்டு ஜாப்பும் தொடங்கறப்ப ஒரே ஃபைலைத்தான் திறந்திருக்குதுங்க. ஜனவரி ஜாப்புல பாதியில சேமிச்ச ஃபைல். கம்ப்யூட்டர் தானா எழுதி வைக்கற லாக்ல எட்டு எடத்துலயும் அதே பேருதான் இருக்குது."

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆனது. ஜனவரியில் மின்வெட்டால் அந்த ஓட்டம் நடுவில் நின்றது. திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டாமே என்று, 'சேமித்த இடத்திலிருந்து தொடர்' என ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எடுக்க மறந்துவிட்டேன். ஒன்றைக்கூட நான் உருக்கவே இல்லை. சுருள் ஜனவரியிலேயே உண்டாகி, எட்டுக்கும் அதுவே போயிருக்கிறது. எட்டுப் பேரிடம் வாங்கிய எட்டு எண்ணும் துகள்களின் வேகத்தைக் கொஞ்சம் மாற்றியதோடு சரி. அதனால் கணக்கில் சின்னச் சின்ன வித்தியாசம் வந்தது. அதைப் பார்த்து எட்டும் வேறு வேறு என்று நம்பிவிட்டேன். ஒரே உலைச் சோற்றை எட்டுத் தட்டில் போட்டுவிட்டு எட்டு உலை வைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீங்க ஜாங்கிரி கொண்டாந்த அன்னைக்குக் காலையிலங்க."

"தெரிஞ்சே சாப்பிட்டீங்களா?"

"ஒண்ணு சாப்பிட்டேனுங்க. ரெண்டாவது எடுக்க மனசு வரலை."

"பதினாலு நாள்! அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"கேட்டேனுங்களே சார். இடம்புரி ஒண்ணுகூட வராதான்னு. நீங்க சிரிச்சீங்க." அவர் குரல் உயரவே இல்லை. "எனக்கு உங்க பிசிக்ஸ் தெரியாதுங்க. ஒரே ஃபைல்ல தொடங்கறதுதான் முறையோ என்னவோன்னு இருந்தேன். நேத்துத்தான் கெமிஸ்ட்ரி மேடத்துகிட்ட பொதுவாக் கேட்டேன். அப்படிச் செய்யவே கூடாதுன்னாங்க."

மற்றவர்களிடம் என் வேலையைப் பற்றிப் பேசியதற்கு நன்றி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி விடுமுறை. மோட்டார் ரிப்பேர். யாரிடமும் பேசவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

இந்தத் துகள்களுக்கு இடம் வலம் தெரியாது. வலப்பக்கம் சுழல எவ்வளவு வாய்ப்போ அவ்வளவு வாய்ப்பு இடப்பக்கத்துக்கும் உண்டு. எட்டும் ஒரே பக்கம் வருவது, எட்டுத் தடவை காசு சுண்டி எட்டிலும் தலை விழுவதைப் போன்றது. மாணவன் ஒருவன் அப்படிக் காட்டினால் காசை வாங்கிப் பார்த்திருப்பேன். என் காசு என்றதும் கும்பிட்டுவிட்டேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ஒருவர் அன்றே கேட்ட கேள்வி, இயற்பியல் வாத்தியார்கள் இரண்டு பேருக்குத் தோன்றவில்லை.

இதை நான் வெளியே சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆய்வுக்குழு படத்தைத்தான் பார்க்கும், லாகைப் பார்க்காது. கோகிலவாணியும் சொல்லமாட்டார். ஐம்பத்தோரு நாள் இருக்கிறது. ஏழு ஆண்டு உழைத்திருக்கிறேன். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் யோசித்தேன், காலை முழுவதும் யோசித்தேன்.

அக்கா போன் செய்தாள். "இன்னைக்கு அந்தப் பேரையே சொல்லல. என்னடா சண்டையா?" என்றாள். எதற்கும் சண்டை என்று பெயர் வைக்க வேண்டியதில்லை என்றேன்.

மார்ச் 11, திங்கள்

குடையை எடுக்கப் போனேன்.

கோகிலவாணி எழுந்து நின்றார். நான் மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன், முதலாவதிலேயே திக்கியது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் திரையைத் திருப்பிக் காட்டினார். அடுத்த ஒன்பது நாளுக்கு எட்டு இடம் என் பெயரில் பதிவாகியிருந்தது. பதிவு செய்த தேதி மார்ச் 7. நான் கோபித்துக்கொண்டு போன அதே நாள்.

"திரும்பி வருவீங்கன்னு தெரியுமுங்க" என்றார்.

அதிகப் பிரசங்கித்தனம் என்றுதான் இதை எழுத நினைத்தேன். பேனா ஓடவில்லை.

அந்த ஒரு வரியை நீக்கினேன். எட்டையும் முதலிலிருந்து நன்றாக உருக்கி, பழைய ஞாபகம் எதுவும் இல்லாதபடி செய்து, பிறகு குளிரவைக்கச் சொன்னேன்.

மார்ச் 12, செவ்வாய்

வில்வநாதன் சாரிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"தெய்வம், நீ சொல்லாட்டி அது யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் சார். கோகிலவாணிக்கும் தெரியும்."

"விழா அழைப்பிதழ்லயே வலம்புரின்னு அச்சடிச்சாச்சேப்பா" என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "பேரு வச்சவனை முதல்ல ஒதைக்கோணும். முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்திட்டு, சங்கைப் பாத்த மாதிரி எந்திரிச்சு நின்னிருக்கேன் பாரு" என்றார். மனிதர் பாவம். எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை.

மார்ச் 21, வியாழன்

முடிந்துவிட்டது. எட்டில் ஒன்று கணினியின் டிஸ்கில் இடமில்லாமல் நடுவில் நின்றுபோனது. மூன்றில் வெறும் தகடுகள், சுருளே இல்லை. ஒன்றில் தகடு முழுக்க சல்லடைபோல் ஓட்டை. மிச்சம் மூன்றில் சுருள் உண்டு. அதில் ஒன்றுதான் வலம்புரி, இரண்டு இடம்புரி.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். இடம்புரியைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் வைக்காதது, யாரும் கும்பிடாதது, தானாக உருகித் தானாக உறைந்து வந்தது. ஏழு ஆண்டில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"பரவால்லீங்களா சார்?" என்று கேட்டார் கோகிலவாணி.

"நாலாவது இயல் செத்துப்போச்சு" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். மிக்சர் கொண்டுபோயிருந்தேன், பொட்டலத்தைக் காலி செய்தார்.

மார்ச் 27, புதன்

முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கம். ஆய்வுக்குழுவில் நான்கு பேர், வேடிக்கை பார்க்க இருபது பேர். முதலில் பழைய எட்டுப் படங்களைக் காட்டினேன். முன்வரிசையில் 'அடடா' என்றார்கள். "இவை எட்டு அல்ல. ஒன்றை எட்டு முறை எண்ணியிருக்கிறேன்" என்றேன்.

அந்த வரி எப்படித் தங்கிப்போனது என்று விளக்கினேன். புதிய ஏழு படங்களைக் காட்டினேன். குழுத்தலைவர், "இதை நீங்களே கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. கணினி மையப் பொறுப்பாளர் கோகிலவாணி கண்டுபிடிச்சார். அவர் ரெண்டு தடவை சொன்னார். முதல் தடவை நான் சிரிச்சேன்."

ஒருவர் கடுமையாகப் பேசினார். இது பள்ளிக்கூடத் தவறு என்றார். வில்வநாதன் சார் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "வலம்புரின்னு பேரு வச்சவன் நானுங்க. திட்டுல பாதி எனக்கு வந்து சேரட்டும்" என்றார்.

தீர்ப்பு: ஏழு ஓட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. குறைந்தது நாற்பது வேண்டும். நான்காம் இயல் இல்லாமல் ஏட்டில் புதிதாக ஒன்றுமில்லை. நாற்பதும் முடிந்தால் ஏப்ரல் 30-க்குள் கொடுக்கலாம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கணக்குப் போட்டேன். ஒரு தடவைக்கு எட்டு, ஒவ்வொன்றும் ஒன்பது நாள். மாத முடிவுக்குள் இருபத்து நான்கு, கையிலுள்ள ஏழோடு முப்பத்தொன்று; நாற்பது எட்டாது. அதுவும் மையம் முழுவதும் எனக்கே கிடைத்தால். வரிசையில் எனக்குப் பின்னால் வேதியியல் மாணவி ஒருத்தி இரண்டு வாரமாகக் காத்திருக்கிறாள். மற்றவர்களின் வேலையைத் தள்ளிவைக்கும்படி கோகிலவாணியைக் கேட்கலாம். கேட்டால் செய்வார். அதனால் கேட்கவில்லை.

ஏப்ரல் 30, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு என் பதிவு காலாவதியானது. அப்போது பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஐந்தடிக்கப் பத்து நிமிடத்திலிருந்து ஒரே தாளையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதேன். பிறகு அந்தப் பையனுக்கு இரண்டு மதிப்பெண் கூடவே போட்டேன்.

மே 2, வியாழன்

தவறையும் திருத்தத்தையும் வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறேன். இதே தவறை இன்னும் எத்தனை பேர் செய்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்களோ! ஆசிரியர் பெயர் இரண்டு. கோகிலவாணிக்கு அனுப்பியதும் போன் வந்தது.

"என்ற பேரை எதுக்குங்க சார் முன்னால போட்டீங்க?"

அகரவரிசை என்றேன்.

"இங்கிலீஷ்ல உங்க பேருதானுங்களே முன்னால வருது?"

தமிழ் அகரவரிசை என்றேன். சிரிப்பை அடக்குகிறார் என்று தோன்றியது. உண்மையான காரணம், அவர் பெயர் முதலில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மே 6, திங்கள்

மறுபடியும் சேர்ந்துவிட்டேன். புதிய பதிவு, முதலாமாண்டு. படிவம் கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் என்னைப் பார்த்து, "மகளுக்காக நிக்கிறீங்களா அங்கிள்?" என்றாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் என்றேன்.

வில்வநாதன் சார் ஓய்வுக்குப் பிறகும் வழிகாட்டுவதாகக் கடிதம் கொடுத்திருக்கிறார். விழா உரைக்குத் தலைப்பை மாற்றிவிட்டார். 'நான் ஏமாந்த கதை' என்று வைத்திருக்கிறார்.

மதியம் மையத்துக்குப் போய் முதல் எட்டு ஓட்டங்களைத் தொடங்கினேன். எட்டும் எட்டு இடத்தில் தொடங்குகின்றனவா என்று கோகிலவாணி லாகில் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். சரியாக இருந்தது.

"இனி ஒம்பது நாளைக்கு இங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்லீங்க சார்" என்றார்.

கிளம்பியிருக்க வேண்டும். கதவு வரை போனேன். திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன். ஆய்வுக்குழு முன்னால் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்ததில்லை.

"வேலை விஷயமாங்க சார்?"

கட்டுரையில் திருத்தம் பேச வேண்டும், மலையில் வெயில் குறைவு, அக்கா வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று மூன்று காரணம் நாக்கு நுனிவரை வந்தது. மூன்றும் நல்ல காரணங்கள்தான்.

"இல்லீங்க" என்றேன்.

"அப்ப வர்றேனுங்க" என்றார்.